ரேமின் மேல் விழும் பழி: 486 மதர்போர்டில் கேஷ் கோளாறு

486 வகைச் செயலி கொண்ட பழைய கணினி ஒன்றில் டாஸ் இயங்குதளம் தொடங்கும்போது, அதன் நினைவக மேலாண்மை நிரலான ஹைமெம்.சிஸ் நினைவகத்தைச் சோதித்துவிட்டு, இன்ன முகவரியில் உள்ள நினைவகத்தை நம்ப முடியாது என்று அறிவித்தால், பெரும்பாலோர் முதலில் ரேம் பலகைகளைத்தான் கழற்றுவார்கள். பலகைகளை மாற்றிய பிறகும் அதே செய்தி வருமானால், பயாஸ் அமைப்புத் திரையில் வெளிக் கேஷை, அதாவது செயலிக்கு வெளியே மதர்போர்டில் இருக்கும் சிறிய, வேகமான இடைநினைவகத்தை, அணைத்துப் பார்க்க வேண்டும். வேகம் குறைந்தாலும் பிழையில்லாமல் ஓடினால், கோளாறு கேஷிலோ அதை ஆளும் சிப்செட்டிலோ இருக்கிறது.

33 மெகாஹெர்ட்சில் ஓடும் செயலிக்கு ஒரு துடிப்பு சுமார் 30 நானோ நொடிதான். முதன்மை நினைவகமான அக்காலத்து டிரேமோ பதில் தர 70 நானோ நொடி எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளியை நிரப்பவே 15 அல்லது 20 நானோ நொடியில் பதில் தரும் எஸ்ரேம் சிப்கள் கேஷாக மதர்போர்டில் வரிசையாகச் செருகப்பட்டன. 256 கிலோபைட் கேஷுக்கு, ஒவ்வொன்றும் 32 கிலோபைட் கொண்ட எட்டு சிப்கள் வேண்டும். அவற்றுக்கு அருகில் தனியாக நிற்கும் ஒன்பதாவது சிப்தான் டேக் ரேம். கேஷின் ஒவ்வொரு வரியிலும் இருப்பது எந்த முகவரியின் நகல் என்பதை அது குறித்துவைக்கிறது.

இந்தப் பிரிவினை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தரவு சிப் பழுதானால் தவறு ஓர் ஒழுங்கோடு வரும்: 32 பிட் சொல்லின் நான்கு பைட்டுகளையும் எட்டில் நான்கு சிப்கள் ஆளுக்கொரு பைட்டாகப் பகிர்ந்துகொள்வதால், எப்போதும் ஒரே பைட்தான் கெடும். சந்தேகத்துக்குரிய சிப்பைப் பக்கத்து சாக்கெட்டில் இருப்பதோடு இடம் மாற்றுங்கள். பிழையும் கூடவே நகர்ந்தால் சிப் பழுது, நகராமல் அங்கேயே நின்றால் சாக்கெட்டோ அதற்குச் செல்லும் மின்தடமோ பழுது. டேக் ரேம் பழுதானால் கதையே வேறு. தரவு சிறிதும் சிதைந்திருக்காது, ஆனால் வேறொரு முகவரிக்கு உரியதாக இருக்கும். கணினி ஒருமுறை உறையும், மறுமுறை ஒழுங்காக ஓடும். இப்படித் தடுமாறும்போது நான் முதலில் மாற்றுவது டேக் சிப்பைத்தான்.

சிப்பைக் குறை சொல்லும் முன், அது உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்ப்பது நல்லது. 32 கால் சாக்கெட்டில் 28 கால் சிப்பைச் செருகும்போது, வெட்டுக்குறி உள்ள பக்கத்தில் நான்கு துளைகள் காலியாக இருக்க வேண்டும். மறுமுனையில் காலி விட்டால் மின்சாரம் தவறான காலுக்குப் போய்விடும். கேஷின் அளவைத் தீர்மானிக்கும் ஜம்பர்களும் (இணைப்பை மாற்றும் சிறு செருகிகள்) செருகிய சிப்களுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, அருகிலுள்ள தடங்களை அரித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பழுதைப் போலத் தோன்றும் ஒன்று, உண்மையில் பழுதல்ல. 256 கிலோபைட் கேஷும் 8 பிட் டேக்கும் சேர்ந்தால் 64 மெகாபைட் ரேமை மட்டுமே ஆள முடியும். எழுதியதை உடனே ரேமுக்கு அனுப்பாமல் கேஷிலேயே வைத்திருக்கும் ரைட்-பேக் முறையில், டேக்கின் ஒரு பிட்டை, வரி மாறியிருக்கிறதா என்று காட்டும் மாற்றக் குறிக்கு ஒதுக்கினால் அது 32 ஆகக் குறையும். அதற்கு மேல் ரேம் போட்டால், மிகுதிப் பகுதி கேஷின் துணையின்றி மந்தமாக இயங்கும்.

கடைசியாக ஒரு வேடிக்கை: 1990களின் நடுவில் வந்த சில மலிவான மதர்போர்டுகளில், உள்ளே எதுவுமே இல்லாத பிளாஸ்டிக் சிப்களைப் பற்றவைத்து, கேஷ் இருப்பதாக பயாஸையும் சொல்ல வைத்திருந்தார்கள். வேகம் அளக்கும் நிரலை ஓட்டினால் குட்டு வெளிப்படும். செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு கேஷின் அளவைத் (பெரும்பாலான 486களில் 8 கிலோபைட்) தாண்டியதும், நடுவில் படியே இல்லாமல் வேகம் நேராக டிரேமின் அளவுக்கு விழுந்துவிடும்.