5 ஸ்டாரும் 64 கிலோமீட்டரும்

கார் வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் மைலேஜ் கேட்பதற்கு முன்னால் மோதல் சோதனையில் பாதுகாப்புக்கு வாங்கிய ஸ்டார் எத்தனை என்று கேட்கிறார்கள். ரொம்ப நல்ல மாற்றம் இது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற சின்ன கார்களை மோதிப் பார்த்து வெளியிட்டபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அத்தனையும் பூஜ்ஜியம். அங்கிருந்து இன்று நம் கம்பெனிகளே, நம் நாட்டின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப்பில் 5 ஸ்டார் வாங்குகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். ஆனால் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக நொறுங்கிய வண்டிகளோடே பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஸ்டார் எந்த மாதிரி மோதலுக்குக் கொடுத்தது என்று தெரியாமல் அதை நம்பி ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள்.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப்பின் முன்பக்கச் சோதனையில் கார் 64 கிலோமீட்டர் வேகத்தில் போய், அலுமினியத் தேன்கூட்டு அமைப்பு கொண்ட, நசுங்கக்கூடிய ஒரு தடுப்பில் மோதும். முகப்பு முழுவதும் மோதாது, டிரைவர் பக்கம் 40 சதவீதம் மட்டும். கிட்டத்தட்ட அதே எடையுள்ள இன்னொரு கார் எதிரே வந்து பாதி ஓரத்தில் மோதுவதைப் போன்ற நிலை இது. பக்கவாட்டுச் சோதனைக்கு 50, கம்பத்தில் மோதும் சோதனைக்கு 29. உள்ளே முன்சீட்டில் மனிதருக்குப் பதில் இருக்கும் டம்மி பொம்மை சராசரி ஆண் உடல்வாகு கொண்டது, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், பெல்ட் கட்டாயம் போட்டிருக்கும்.

இப்போது நம் நாற்கரச் சாலையை நினைத்துப் பாருங்கள். 100-இல் போவது அங்கே சாதாரணம். மோதல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், 100-இல் மோதும் வண்டி, சோதனையில் தாங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கைத் தாங்க வேண்டும். கடைசி நொடியில் பிரேக் பிடித்தால் வேகம் குறையும், வாஸ்தவம்தான். ஆனால் விடியற்காலை தூக்கக் கலக்கத்தில் நடந்த விபத்து இடங்களில் ரோட்டில் டயர் தேய்ந்த தடமே இல்லாததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்னை அதிகம் கலங்கடிப்பது லாரியின் பின்னால் போய்ச் செருகிய கார்கள். காரின் முன்பக்கத்தில் மோதலை வாங்கி மடங்குவதற்கென்றே இருக்கும் இரண்டு மெம்பர்களும், அதாவது நீளச் சட்டங்களும், பம்பர் உயரத்தில்தான் இருக்கின்றன, சோதனைத் தடுப்பும் அதே உயரத்தில்தான் எதிர்கொள்கிறது. லாரியின் பாடியோ அதற்கு மேலே இருக்கிறது. கார் அடியில் நுழைந்துவிடாமல் தடுக்க லாரிக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி இருக்க வேண்டும் என்பது விதி, பல லாரிகளில் அது வளைந்தோ துருப்பிடித்தோ தொங்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. சர்வேக்குப் போனால் பம்பர் ஓரளவு நன்றாகவே இருக்கும், நம்பர் பிளேட்டைப் படிக்கலாம், ஆனால் கண்ணாடியும் அதைத் தாங்கும் தூண்களும் பின்சீட் வரைக்கும் தள்ளப்பட்டிருக்கும். கார் அடியில் நழுவிப் போவதால் ஏர்பேக் சென்சாருக்கு அடி தாமதமாகத் தெரியவரும் சந்தர்ப்பமும் உண்டு. அந்தக் கார் வாங்கிய ஸ்டார் எதுவும் இந்த மோதலைப் பற்றிப் பேசவில்லை. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கூட இல்லாமல் ரோட்டோரம் இருட்டில் லாரியை நிறுத்துகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

புளியமரமும் அப்படித்தான். ஹெட்லைட் ஓரத்தில் மட்டும் மரம் இடித்தால் அந்த மெம்பர்களைத் தொடாமலே அடி சக்கரத்துக்கும் கதவுத் தூணுக்கும் போய்விடும். அமெரிக்காவில் கார்களை மோதிச் சோதிக்கும் ஐஐஹெச்எஸ் அமைப்பு 2012-இல் இதற்கென முகப்பில் 25 சதவீதம் மட்டும் மோதும் சோதனையைக் கொண்டுவந்தபோது பேர்பெற்ற சொகுசு கார்களே தடுமாறின. எடை விஷயத்தையும் அவர்கள் 2009-இல் காட்டினார்கள். தடுப்பில் மோதி நல்ல தரம் வாங்கிய 3 சின்ன கார்களை அதே கம்பெனிகளின் பெரிய கார்களோடு நேருக்கு நேர் மோதவிட்டார்கள், மூன்றுமே மோசம் என்ற தரத்துக்கு இறங்கின. அதனால் சின்ன கார் வாங்கிய 5 ஸ்டாரையும் பெரிய எஸ்யூவி வாங்கிய 5 ஸ்டாரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது.

சரி, இதெல்லாம் நம் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் நம் கையில் இருக்கிறது அல்லவா?

மோதிய கணத்தில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனர் வேலை செய்திருந்தால் பெல்ட்டை மாற்றியாக வேண்டும், அதனால் கிளைமுக்காக ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்ப்பேன். போட்டிருந்த பெல்ட் வெளியே இழுபட்ட நிலையிலேயே இறுகி நிற்கும், தோளுக்கு மேல் அது நுழைந்து வரும் வளையத்தில் பிளாஸ்டிக் உரசி உருகிய தடம் இருக்கும், நாடாவிலும் பளபளப்பாக ஒரு கோடு தெரியும். போடாத பெல்ட் தூணோடு ஒட்டிச் சுருண்டபடியே பூட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் வராது. அதே பக்கம் முன்கண்ணாடியைப் பார்த்தால் உள்ளிருந்து வெளியே புடைத்த வட்ட விரிசல் இருக்கும். அப்புறம் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பக்கிளில் அலாரத்தை நிறுத்தும் அந்தச் சின்ன கிளிப் செருகியிருப்பதையும் பார்க்கிறேன். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் தளங்களிலிருந்து இவற்றை நீக்க உத்தரவிட்டது, 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன.

பின்சீட்டில் பெல்ட் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு 2022 செப்டம்பரில் மும்பைக்கு வடக்கே பால்கர் அருகே நடந்ததைச் சொல்வேன். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி போன கார் விலை உயர்ந்த ஜெர்மன் கார். முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள், பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள், அவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காரும் அம்மாக்களே, தயவுசெய்து வேண்டாம். ஏர்பேக் கண் இமைப்பதற்குள் விரியும், உங்கள் நெஞ்சுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது குழந்தை.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார் வாங்கியது கம்பெனியிலிருந்து வந்த பாடி. மெம்பரை வெட்டி ஒட்டி வெல்டிங் போட்டு, வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் டாஷ்போர்டை மட்டும் மூடிக் கொடுத்த வண்டிகள் மார்க்கெட்டில் இருக்கின்றன. சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் யாரோ வயரில் கை வைத்திருக்கலாம், டாஷ்போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், விற்கிறவர் மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.