'இன்ஃபினிட்'டுக்குள் இருக்கும் ஒற்றை 'ன்'

பத்தாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: கணக்கில் வரும் 'இன்ஃபினிட்'டும் நாம் சொல்லும் 'அனந்த'மும் சொந்தமா? பாதி சொந்தம். அந்தப் பாதி எனக்கு ரொம்பப் பிடித்த பாதி.

லத்தீனில் 'ஃபினிஸ்' என்றால் எல்லை, முடிவு. ஃபினிஷ், ஃபைனல் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான், புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் நூலகத்தில் கட்டும் 'ஃபைன்' கூட ஒரு காலத்தில் வழக்கை முடித்துவைக்கக் கொடுத்த பணம். முன்னால் 'இன்' சேர்ந்தால் எல்லையில்லாதது. படுத்துக் கிடக்கும் எட்டு போன்ற குறியை அதற்குக் கொடுத்தவர் ஜான் வாலிஸ், 1655இல்.

சரி, அந்த 'இன்'னுக்கு வருவோம். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், ஆங்கிலம் நான்குக்கும் பொதுவான மூதாய்மொழியில் 'இல்லை' என்பதற்கான முன்னொட்டு, உயிரே சேராத ஒரு 'ன்' என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். மெய் மட்டும் எப்படி ஓர் அசையாகும்? ஆங்கிலேயர் 'பட்டன்' சொல்வதைக் கேளுங்கள். 'ட்' சொன்ன நாக்கை மேலிருந்து எடுக்காமலே மூச்சை மூக்கு வழியாக விட்டு 'ன்'னை முடித்துவிடுவார்கள், நடுவில் உயிரே இருக்காது.

அந்த ஒற்றை 'ன்' லத்தீனில் 'இன்' ஆனது, ஆங்கிலத்தில் 'அன்லிமிடெட்'டின் 'அன்' ஆனது. சமஸ்கிருதத்தில்தான் வேடிக்கை: அடுத்து உயிர் வந்தால் 'அன்', மெய் வந்தால் 'ன்' கரைந்து வெறும் 'அ'. அதனால்தான் அன்+அந்தம் அனந்தம், ஆனால் அ+சுத்தம் அசுத்தம். கிரேக்கத்திலும் அச்சு அசலாக இதே விதி! ஆட்சியில்லாத நிலை 'அனார்க்கி', வெட்ட முடியாதது 'ஆட்டம்', அதாவது அணு.

மறுபாதி சொந்தமில்லை. 'அந்த'த்துக்கு உறவு 'ஃபினிஸ்' அல்ல, ஆங்கிலத்தின் 'எண்ட்'. ஆக, அனந்தத்துக்கு நெருங்கிய உறவு 'அன்எண்டிங்'.

இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றாகக் கேட்கின்றன என்பதை மட்டும் வைத்து, உலக மொழிகள் எல்லாம் எங்கள் மொழியின் பிள்ளைகள் என்று முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரே விதி நூறு சொற்களில் மாறாமல் வர வேண்டும், அதுதான் சான்று. அதைப் பொறுமையாகத் தேடும் வேர்ச்சொல் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், அனந்தம் தமிழுக்குக் கடன் வந்த சொல். தமிழ்க் கணக்குப் புத்தகத்தில் இருப்பது 'முடிவிலி': முதலில் முடிவைச் சொல்லிவிட்டு, கடைசியில் அது இல்லை என்கிற சொல்.