எக்கிடென்: தொடரோட்டமா, அஞ்சலோட்டமா?

ஜப்பானிய அரை மாரத்தான் ஒன்றின் முன்னணி வீரர் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் இருக்கும் என்று நினைப்போம். இருப்பதோ கொமசாவா பல்கலைக்கழகம், டொயோட்டா, ஹோண்டா என்று கல்லூரியும் கம்பெனியும்தான். கென்யா வீரர்கள் பலருக்கும் ஜப்பானிய நிறுவனத்தின் பெயரே போட்டிருக்கும். ஒரு சொல் புரிந்தால் இந்தப் பட்டியல் புரிந்துவிடும். அந்தச் சொல் எக்கிடென்: அணியாகச் சேர்ந்து, ஆள் மாற்றி ஆள் சாலையில் ஓடும் நெடுந்தூரப் பந்தயம். கல்லூரிகளும் கம்பெனிகளும் அதற்கென்றே ஓட்ட அணிகள் வைத்திருக்கின்றன.

'எக்கி' என்றால் நிலையம். இன்று ரயில் நிலையத்துக்கும் ஜப்பானியர் சொல்வது அதையேதான். 'டென்' என்றால் கடத்துதல், கைமாற்றித் தருதல். ரயில் வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது இந்த 'எக்கி'. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் அரசுச் சாலைகளில் சுமார் 16 கி.மீ.க்கு ஒன்றாகக் குதிரை மாற்றும் நிலைகள் இருந்தன. அரசு வேலையாகப் போகிறவர் 'எக்கிரெய்' என்ற மணியைக் காட்டினால்தான் குதிரை கிடைக்கும். பிற்காலத்தில், இன்றைய தோக்கியோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்காய்தோ நெடுஞ்சாலையில் 53 நிலைகள் இருந்தன.

ஓட்டத்துக்கு இந்தப் பெயர் வந்தது 1917இல். தலைநகர் தோக்கியோவுக்கு மாறி அரை நூற்றாண்டு ஆனதைக் கொண்டாட, யோமியூரி நாளிதழ் அதே சாலையில் ஒரு பந்தயம் வைத்தது. கியோத்தோவின் சன்ஜோ பாலத்தில் புறப்பட்டு, தோக்கியோவின் உவெனோவில் ஷினோபசு குளக்கரையில் முடிவு. 500 கி.மீ.க்கு மேல், 23 கட்டங்கள், இரவிலும் நிற்காத ஓட்டம். பழைய குதிரைத் தபால் போன வழியில் மனிதர்கள் ஆள் மாற்றி ஆள் ஓடியதால் பழைய பெயரையே வைத்துவிட்டார்கள். மூன்றாண்டு கழித்து, 1920இல், நான்கு கல்லூரிகளோடு தொடங்கியதுதான் இன்று புத்தாண்டு விடுமுறையில் நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கும் ஹக்கோனே எக்கிடென்: கல்லூரி அணிகள் தோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்கு ஒரு நாள் ஓடி, மறுநாள் திரும்பும் ஓட்டம்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் ரிலே ஓட்டத்துக்குத் 'தொடர் ஓட்டம்' என்று எழுதுகிறோம். பிழை இல்லை, ஆனால் சொல் நழுவும். ஒரே ஆள் 24 மணி நேரம் ஓடினாலும் செய்தியில் அது 'தொடர் ஓட்டம்'தான். கைமாற்றுவது என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஈழத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போனவர்களுக்கு வேறு சொல் தெரியும்: அஞ்சலோட்டம். எக்கிடெனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமா என்பது சந்தேகமே.

அஞ்சல் என்றதும் நமக்கு இப்போது நினைவுக்கு வருவது கடிதமும் அஞ்சல் நிலையமும். ஆனால் திருவிதாங்கூரில் 'அஞ்சல்' என்று ஓர் அரசுத் தபால் துறையே இருந்தது. 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அதன் ஓட்டக்காரர் மணி கட்டிய கோலோடு ஓடுவார். அடுத்த ஆளிடம் பையை ஒப்படைப்பார். ஜப்பானில் மணி காட்டிக் குதிரை, இங்கே மணி ஒலித்து வழி. ஒன்றைப் பார்த்து ஒன்று வந்ததல்ல. வேலை ஒன்று என்பதால் கருவியும் ஒன்றாக அமைந்துவிட்டது.

பொருத்தம் இதோடு நிற்கவில்லை. எக்கிடெனில் ஆள் மாறும் இடத்துக்கு ஜப்பானிய மொழியில் 'ச்சூக்கெய்ஜோ' என்று பெயர். 'ச்சூக்கெய்' என்பது இடையில் வாங்கி அனுப்புவது. அதனால் நேரடி ஒளிபரப்புக்கும் அங்கே 'நமா ச்சூக்கெய்' என்பார்கள். இலங்கை வானொலித் தமிழிலோ அதற்கு 'நேரடி அஞ்சல்'. தபால், ஓட்டம், ஒலிபரப்பு மூன்றுக்கும் தமிழில் 'அஞ்சல்' என்ற ஒரே சொல். ஜப்பானிய மொழியில் ஓட்டத்தில் ஆள் மாறும் இடத்துக்கும் ஒளிபரப்புக்கும் 'ச்சூக்கெய்' என்ற ஒரே சொல். ஆகவே ஹக்கோனே அஞ்சலோட்டம் என்றும், ஆள் மாறும் இடத்தை அஞ்சல் நிலை என்றும் துணிந்து எழுதலாம். ஹக்கோனேயின் நான்கு அஞ்சல் நிலைகளில் தொத்சுக்கா, ஹிரத்சுக்கா, ஒதவரா மூன்றும் பழைய 53இல் இடம்பெற்ற ஊர்கள்தாம்.

எழுத்துப் பெயர்ப்பில் ஒரு சிறு சிக்கல். 'எகிடென்' என்று எழுதினால் நாம் 'எகி'யை 'அகில்' போல மெலிதாகப் படித்துவிடுவோம். மூல ஒலி வல்லொலி. ககரத்தை இரட்டித்தால் சற்று அழுத்தம் கூடுகிறது, என்றாலும் அதுவே பரவாயில்லை.

கைமாறுவது கோல் அல்ல, 'தசுக்கி' என்ற துணிப் பட்டை. கிமோனோவின் அகலக் கையை வேலை நேரத்தில் இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பூணூல் விழுவதுபோல் ஒரு தோளிலிருந்து மறுபக்கத்து இடுப்புக்குக் குறுக்கே கிடக்கும். 'தோள்வார்' என்று சொல்லலாம். அஞ்சல் நிலை நெருங்கியதும் ஓட்டக்காரர் அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொள்வார். அடுத்தவர் வாங்கித் தலைவழியே மாட்டிக்கொண்டு, தொங்கும் நுனியை ஓடியபடியே அரைக்காற்சட்டைக்குள் செருகுவார். முன்னணி அணி கடந்து 10, 15 அல்லது 20 நிமிடத்துக்குள் (நிலைக்கு நிலை இது மாறும்) வந்து சேராத அணியின் அடுத்த ஆளைக் காத்திருக்கவிடாமல் அனுப்பிவிடுவார்கள். அப்போது அவர் மார்பில் கிடப்பது பெரும்பாலும் சொந்தக் கல்லூரியின் தோள்வார் அல்ல, ஏற்பாட்டாளர் தந்த மாற்றுத் தோள்வார். சில மீட்டர் தூரத்தில் தன் ஆள் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே புறப்பட வேண்டிவந்தவர்கள் உண்டு.

இதற்கும் அரை மாரத்தானுக்கும் என்ன தொடர்பு? தூரம். ஹக்கோனே மொத்தம் 217.1 கி.மீ., 10 கட்டங்கள், ஜனவரி 2, 3 ஆகிய இரண்டு நாள். மிகக் குறுகிய கட்டம் 20.8 கி.மீ., மிக நீண்டது 23.1 கி.மீ. அரை மாரத்தானோ 21.0975 கி.மீ. மாணவர்கள் அத்தனை பேரும் பயிற்சி செய்வது கிட்டத்தட்ட இதே தூரத்துக்கு. முந்திய ஆண்டில் முதல் பத்து இடத்துக்குள் வராத கல்லூரிகள் அக்டோபரில் தகுதி ஓட்டம் ஓட வேண்டும். 2018 முதல் அதன் தூரமும் அரை மாரத்தான்தான். அணிக்கு 12 பேர் வரை ஓடலாம், முதல் பத்துப் பேரின் நேரத்தைக் கூட்டுவார்கள். நவம்பரில் சைதாமா மாகாணத்து அகேயோ நகர அரை மாரத்தான், பல பயிற்சியாளர்களுக்கு ஆள் தேர்வுக் களம். டிசம்பரில் 16 பேர் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும் அல்லவா!

ஆகவே நவம்பர் பட்டியலையும் பிப்ரவரி பட்டியலையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. அகேயோவில் மாணவர் ஒருவர் கடைசி 3 கி.மீ.இல் அடங்கி ஓடினால், பயிற்சியாளர் சொன்ன வேகத்தை மீறாமல் இருக்கிறார் என்றும் பொருள் இருக்கலாம். பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கும் ககாவா மருகமே அரை மாரத்தானில் கல்லூரி, நிறுவன அணிகள் இரண்டும் புத்தாண்டு அஞ்சலோட்டத்தை முடித்துவிட்டு வருகின்றன. உச்ச நிலையில் இருப்பவரும் இருப்பார், காலை நொந்துகொண்டு கடைசி நாளில் விலகுபவரும் இருப்பார். 2025 மருகமேயில் டொயோட்டாவின் ஒத்தா தொமோக்கி 59:27 ஓடித் தேசியச் சாதனை படைத்தார். மூன்று விநாடி பின்னால் 59:30இல் வந்தவர் கொமசாவா மாணவர் ஷினோஹரா கொத்தாரோ, ஒரு மாதம் முன்பு ஹக்கோனேயின் 23.1 கி.மீ. இரண்டாம் கட்டத்தை ஓடியவர்.

பட்டியலில் அரை மாரத்தான் நேரம் இல்லாமல் 10,000 மீட்டர் நேரம் மட்டும் இருந்தால், அதை 2.2ஆல் பெருக்கிப் பாருங்கள். 28:00 என்றால் சுமார் 61:36. முதல்முறை ஓடுபவருக்கு இதோடு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூட்டிக்கொள்வது நல்லது. 60 நிமிட ஓட்டம் என்பது கி.மீ.க்கு 2:51க்குச் சற்றுக் குறைவு, 62 நிமிடம் என்பது 2:56. இந்த ஐந்தாறு விநாடி வித்தியாசத்தில்தான் முதல் கூட்டமும் இரண்டாம் கூட்டமும் பிரியும். இடையில் அகப்பட்டவர் காற்றில் தனியாக ஓட வேண்டியதுதான்.

பலர் தவறுவது ஹக்கோனேயின் கட்ட நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில். ஆறாம் கட்டம் மலையிறக்கம், 20.8 கி.மீ.யை 57 நிமிடத்துக்குள் முடித்திருக்கிறார்கள். அதைச் சமதரையில் எதிர்பார்க்க முடியாது. ஐந்தாம் கட்டமோ 874 மீட்டர் உயரம்வரை ஏறுவது. அங்கே பேரெடுத்த மலையேறி பிப்ரவரியில் 63 நிமிடத்தில் வந்தால் அது சறுக்கல் அல்ல. அவர் கால்கள் வேறு வேலைக்குப் பழகியவை.

இன்னொரு சொல் மட்டும் மொழிபெயர்ப்புக்கு அகப்படவில்லை: 'கொபோ-நுக்கி'. ஒரே கட்டத்தில் ஒருவர் வரிசையாகப் பலரைத் தாண்டிப் போவது. கொபோ என்பது மண்ணுக்குள் நீளமாக இறங்கும் ஒரு கிழங்கு வகை. நுக்கி என்றால் பிடுங்குவது. பாத்தியில் முள்ளங்கி பிடுங்குவதுபோல் ஒவ்வொருவராக. தமிழில் 'மளமளவென்று முந்தினார்' என்று எழுதிவிடலாம், அர்த்தம் வந்துவிடும். கிழங்குதான் விட்டுப்போகும்.