தடிப்பா, இறுக்கமா? மீயொலி காட்டும் தோல்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் சித்திக்கு விரல்களின் தோல் இறுகத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. முதலில் மோதிரம் கழலவில்லை. பிறகு ரொட்டி சானாயைப் பிய்க்க விரல் மடங்கவில்லை. போன மாதம் ஒரு மருத்துவமனையில் அவர் கையில் தமிழ்த் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு: ‘தோல் தடிப்பு நோய்க்கான கேளா ஒலிப் பரிசோதனை’. இரண்டு முறை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஏம்பா, கேக்காத ஒலின்னா காது டெஸ்ட்டா?”

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆச்சிக்கோ ‘தடிப்பு’ என்றது ‘தடிமன்’ என்று காதில் விழுந்து, வேறு சந்தேகம். “தோல் தடிமனோ? மூக்குக்கல்லோ தடிமன் பிடிக்கும்!” அவர்கள் பேச்சில் தடிமன் என்றால் சளி. தமிழில் எழுதப்பட்ட ஒரு வரி, தமிழ் பேசும் இரண்டு பெண்களிடம் தோற்றுப்போனது. அந்த வரியில் அல்ட்ராசவுண்டுக்கு வைத்த ‘கேளா ஒலி’, ஸ்க்ளெரோடெர்மா என்ற நோய்க்கு வைத்த ‘தோல் தடிப்பு’ என்ற இரண்டு பெயர்களையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ‘அல்ட்ராசவுண்ட்’. ‘அல்ட்ரா’ லத்தீன் சொல். அப்பால், கடந்து என்று பொருள். ‘சவுண்ட்’ என்பதற்கு லத்தீன் வேர் ‘சோனுஸ்’, ஒலி. மலாயில் அப்படியே பெயர்த்து ‘அல்ட்ராபுன்யி’ என்பார்கள். மனிதக் காது நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வு வரையிலான ஒலியைக் கேட்கும். அந்த மேல் எல்லையைக் கடந்த ஒலிதான் அல்ட்ராசவுண்ட். தமிழில் இதற்குக் கேளா ஒலி, செவியுணரா ஒலி, புறவொலி, மீயொலி என்று பல பெயர்கள் உலவுகின்றன. எனக்குக் ‘கேளா ஒலி’ சரிப்படவில்லை. 20க்குக் கீழே இருக்கும் ஒலியும்தான் நமக்குக் கேட்பதில்லை. யானைகள் அதில் தூரத்துக்குப் பேசிக்கொள்கின்றன. அதுவும் கேளா ஒலிதானே? மேலே போனதா, கீழே இறங்கியதா என்று சொல் காட்ட வேண்டும்.

‘மீ’ அதைக் காட்டுகிறது. மேல், உயரம் என்று பொருள். ‘மேசை மீது’ என்று தினமும் சொல்கிறோமே, அதே ‘மீ’தான். மீமிசையிலும் அதுவே இருக்கிறது. எல்லைக்கு மேலே போன ஒலி மீயொலி. ஒரே ஒரு சிக்கல் உண்டு. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் ஏவுகணையையும் சில செய்திகளில் ‘மீயொலி ஏவுகணை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வேகத்தைப் பற்றியது; அதிர்வெண்ணைப் பற்றியதல்ல. ஏவுகணைக்காரர்கள் ‘மீயொலி வேகம்’ என்று முழுதாக எழுதட்டும், ‘மீயொலி’யை மருத்துவமனைக்கு விட்டுவிடட்டும் என்பது என் சிபாரிசு.

மீயொலி புதிய சங்கதி இல்லை. பூச்சி தின்னும் வௌவால்கள் இருட்டில் வழி கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். தாம் எழுப்பிய ஒலி பூச்சியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, அது எங்கே என்று கணக்குப் போடுகின்றன. மருத்துவக் கருவியும் அதையேதான் செய்கிறது. 1880இல் பிரான்சின் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று கண்டார்கள். அதைத் தலைகீழாக்கி, மின்சாரம் கொடுத்துப் படிகத்தை அதிர வைத்தால் ஒலி பிறக்கும். 1958இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவர் கூட்டாளிகளும் அந்த ஒலியால் எடுத்த வயிற்றுப் படங்களை வெளியிட்டார்கள். அதன் பிறகு ஸ்கேன் என்றாலே கர்ப்பம் என்றாகிவிட்டது. சித்தி ‘ஸ்கேன் எடுக்கப் போறேன்’ என்று சொன்னதும் கோயிலில் ஒரு அம்மா அவர் வயிற்றைப் பார்த்தாராம். சித்திக்கு வயது 58.

வயிற்றுக்குப் பயன்படும் ஒலி தோலுக்கு உதவாது. உடல் திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் போகும். வயிற்றுக்கு விடும் 3 மெகாஹெர்ட்ஸ் ஒலி, அதாவது நொடிக்கு 30 லட்சம் அதிர்வு, என்றால் ஓர் அலையின் நீளம் அரை மில்லிமீட்டர். தோலோ பெரும்பாலான இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்; அரிசியை ஆழாக்கால் அளக்கலாம், கடுகை எண்ண முடியுமா? 18 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் அலை 0.09 மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்குகிறது. அப்போதுதான் தோலின் அடுக்குகள் பிரிந்து தெரியும். அதற்கு விலை உண்டு: அதிர்வு ஏற ஏற ஒலி ஆழமாகப் போகாது. தோலுக்கு அந்த ஆழம் தேவையும் இல்லை.

சித்தியோடு நானும் உள்ளே போயிருந்தேன். இளம்பெண் ஒருத்தி, விரலின் மேல் ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, சிறிய கருவியை அதன்மேல் மிதக்கவிட்டாற்போல் வைத்தாள். அழுத்தவே இல்லை. அழுத்தினால் தோல் நசுங்கி மெலிந்து தெரியும், அளவு பொய்யாகிவிடும் என்றாள். ஜெல் எதற்கு? கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். திரையில் மேலே வெள்ளையாக ஒரு கோடு, அது மேல்தோல். அதன் கீழே சாம்பல் பட்டை, உட்தோல். அதற்கும் கீழே கறுப்பாகக் கொழுப்பு. சாம்பல் பட்டையின் மேல் விளிம்பில் ஒரு புள்ளி, கீழ் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தாள். மில்லிமீட்டர் கணக்கு ஓரத்தில் விழுந்தது. ஒலியைக் கேட்க முடியாவிட்டாலும் அதைப் பார்த்துவிட்டோம்.

இனி நோயின் பெயர். ‘ஸ்க்ளெரோடெர்மா’ கிரேக்கக் கூட்டுச்சொல். ‘ஸ்க்ளெரோஸ்’ என்றால் கடினம். ‘டெர்மா’ என்றால் தோல்; அதன் வேர்வினைக்கு ‘உரித்தல்’ என்று பொருள். உரிக்கப்படுவது எதுவோ அது தோல். இந்த இடத்தில் எனக்கு ஒரு சிறு பரவசம். தமிழிலும் தோலுக்கு அண்டையில் ‘தொலி’ இருக்கிறது. தொலித்தல் என்றால் உமி நீக்குதல், உரித்தல். என் பாட்டி கடைசிவரை ‘தொலி உளுந்து’ என்றுதான் சொன்னார். ஏதென்ஸும் எங்கள் அடுப்படியும் தோலை ஒரே மாதிரிதான் பார்த்திருக்கின்றன.

1753இல் நேப்பிள்ஸ் மருத்துவர் கார்லோ குர்சியோ, உடல் முழுவதும் தோல் இறுகிக் கடினமான ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். இந்த நோய்க்குப் பழைய சான்றாக அதைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். 1836இல் மிலானின் பாந்தோனெட்டி ‘ஸ்க்ளெரோடெர்மா’ என்ற பெயரை வைத்தார். கவனியுங்கள்: இறுக்கம், கடினம் என்றுதான் பேச்சு. தடிப்பு என்று பெயரில் எங்குமே இல்லை. தமிழுக்கு வந்தபோதுதான் தடிப்பு நுழைந்தது.

அதனால் என்ன குற்றம் என்று கேட்கலாம். தடிப்பு என்றால் நம் வீடுகளில் கொசு கடித்தால், இறால் ஒத்துக்கொள்ளாவிட்டால் எழும்புவது. அது அரைநாளில் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய குற்றம் மீயொலித் திரையிலேயே தெரிகிறது. நோயின் தொடக்கத்தில் உட்தோலில் நீர் கோத்து வீங்குகிறது. திரையில் பட்டை அகலமாகவும் இருண்டும் தெரியும். அப்போது தோல் தடித்திருக்கிறது, இறுக்கம் இனிமேல்தான். பிறகு கொலாஜன் என்னும் புரத நார் மிகுந்து தோல் இறுகுகிறது; பட்டை வெளுக்கிறது. பல ஆண்டு கழித்துத் தோல் மெலிந்தே போகலாம், சில சமயம் வழக்கத்தைவிட மெல்லியதாக. இறுக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மெலிந்த தோலைப் பார்த்து ‘தோல் தடிப்பு நோய்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்?

தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிக்கும் பையன்களைக் கேளுங்கள். தோலின் கனம் வேறு, இழுத்துக் கட்டிய இறுக்கம் வேறு. மெல்லிய தோலையும் கல் போல இறுக்கலாம். மருத்துவரின் கை இந்த இரண்டையும் சேர்த்துத்தான் உணர்கிறது. ரொட்னான் அளவை என்று ஒன்று உண்டு: உடம்பில் 17 இடங்களில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 51. செலவில்லாத நல்ல முறை, இன்றும் அதுதான் நடைமுறை. ஆனால் கிள்ளும் கைக்குக் கை மதிப்பெண் மாறும். 1979இலேயே மீயொலித் துடிப்பால் தோலின் கனத்தை அளந்து காட்டிவிட்டார்கள். இப்போது இறுக்கத்தையும் தனியாக அளக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. தோலுக்குள் ஒரு மெல்லிய அதிர்வை எழுப்பி, அது பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்கிறார்கள். இறுகிய தோலில் அது விரைந்து ஓடும். கருவியே கனத்தையும் இறுக்கத்தையும் பிரித்துவிட்டது. நம் சொல் மட்டும் ஏன் குழப்ப வேண்டும்? ‘தோல் இறுக்க நோய்’ என்பதே என் தேர்வு.

இது ‘ஆட்டோஇமியூன்’ வகை நோய்; அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இம்யூனிஸ்’ என்றால் லத்தீனில் வரியிலிருந்தும் கடமையிலிருந்தும் விடுபட்டவன். நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’யேதான்! நோய்க்கு வரி கட்டாத உடம்பு என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஆட்டோ’ என்றதும் கோலாலம்பூரில் நினைவுக்கு வருவது கியர் மாற்றத் தேவையில்லாத காடி. சித்தியும் ‘தானா வர்ற நோயா?’ என்றார். கிரேக்கத்தில் அதற்குத் ‘தான், தன்’ என்று பொருள். உடலின் காவலே உடலை அடிக்கிறது. ‘தன்னுடல் தாக்குநோய்’ என்றேன். உடனே புரிந்துகொண்டார், வேலி பயிரை மேய்ந்த கதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துண்டறிக்கையின் தலைப்பை அடித்துவிட்டுப் பேனாவால் மேலே எழுதினேன்: ‘தோல் இறுக்க நோய்க்கான மீயொலி வருடல்’. ஸ்கேனருக்கு ‘வருடி’ என்று பெயர் வைத்தபோது, காகிதத்தை எவன் வருடுவான் என்று நானே கேலி செய்தவன். இங்கே அது பொருந்திவிட்டது. சித்தி படித்துப் பார்த்தார்.

“வருடலா? சரிதான், அந்தப் பொண்ணு அப்படித்தான் செஞ்சா. ஆனா ஜெல்லு ஐஸ் மாதிரி, அதுக்கு மேல ஏர்கோன் வேற. விரலு வெள்ளையாகி நீலமாயிடுச்சு, பாத்தியா? அடுத்த தடவ ஜெல்லச் சூடு காட்டிப் போடச் சொல்லு. அதையும் இதுல எழுது.”

எழுதினேன்.