புஷோன்: தக்கையும் இல்லை, மரபுணவகமும் இல்லை

பிரான்சின் லியோன் நகரைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரை எதை எடுத்தாலும் அதில் ஒரு 'தக்கை உணவகம்' வந்துவிடுகிறது. காணொளிகளின் அடியில் ஓடும் வரிகளில் அதுவே 'கார்க் உணவகம்'. அண்மையில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய் 'அடைப்பான் விடுதி' என்று எழுதியிருந்தார். ஊரில் மாடு வளர்த்தவர்களிடம் அடைப்பான் என்று சொன்னால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுவார்கள். அது சாப்பிடப் போகிற இடத்தின் பெயர் என்று யாருக்குத் தோன்றும்?

லியோனில் 'புஷோன்' என்றால் உள்ளூர்ச் சமையலும் உள்ளூர் ஒயினும் கிடைக்கிற சின்னச் சாப்பாட்டுக்கடை. அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே முதலில் இருப்பது தக்கை. சற்றுக் கீழே போக்குவரத்து நெரிசல் என்றும் இருக்கும். கோடை விடுமுறையில் லியோனின் ஃபூர்வியேர் சுரங்கப்பாதையில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நிற்பதும் புஷோன்தான். நல்லவேளை, 'நெரிசலில் அமர்ந்து குடல் கறி சாப்பிட்டோம்' என்று இன்னும் யாரும் மொழிபெயர்க்கவில்லை.

சொல்லின் பிறப்பு எளிதானது. பழைய பிரெஞ்சில் 'பூஷ்' என்றால் வைக்கோல் பிடி, தழைக்கொத்து. சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து அது புஷோன் ஆனது. ஒயின் விற்கிற வீட்டின் வாசலில் ஒரு தழைக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். எழுத்துத் தெரியாதவனுக்கும் அது போதும். கொத்தின் பெயர் கடைக்கு ஆகி வந்தது. 'நல்ல ஒயினுக்குப் புஷோன் தேவையில்லை' என்று ஒரு பழைய பிரெஞ்சுப் பழமொழி உண்டு. தக்கை என்று வைத்துப் படித்தால் அதற்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. குதிரையை வைக்கோல் பிடியால் தேய்த்துவிடும் சத்திரங்கள் என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வைக்கோல்தான். ஓட்டையை வைக்கோல் திணித்து அடைத்ததால், அடைப்பது என்ற வினையும் பாட்டில் தக்கையும்கூட அந்தப் பிடியிலிருந்தே வந்தவை. தக்கை உணவகம் என்று எழுதுகிறவர் பேரனைப் பிடித்துத் தாத்தா ஆக்கிவிட்டார்.

இதே வழக்கம் வியன்னாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நகரின் ஓரத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினைத் தாங்களே விற்கலாம் என்று 1784-ல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு ஆணையிட்டார். கடை திறந்திருக்கிற நாளில் அவர்கள் வாசல் கம்பத்தில் ஊசியிலைக் கொத்து தொங்கும். அந்தக் கடைக்குப் பெயரே 'புஷன்ஷாங்க்', கொத்துக்கடை. லியோனில் கொத்து போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

தக்கையாவது அறியாமல் செய்த பிழை, சொன்னால் திருத்திக்கொள்வார்கள். அறிந்தே முன்வைக்கப்படும் 'மரபுணவகம்' என்ற சொல்லாக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. பாரம்பரியம் வடசொல், ஆகவே மரபு. ரெஸ்டாரண்ட் பிறமொழி, ஆகவே உணவகம். இரண்டையும் ஒட்டினால் தூய தமிழ், கணக்கு முடிந்தது என்கிறார்கள். லியோனின் புஷோனும் மரபுணவகம், ரோமின் திராத்தோரியாவும் மரபுணவகம், லிஸ்பனின் தாஷ்காவும், வியன்னாவின் பைஸலும், ஏதென்ஸின் தவெர்னாவும் மரபுணவகம். 'மதியம் ஒரு மரபுணவகத்தில் சாப்பிட்டுவிட்டு மாலையில் இன்னொரு மரபுணவகத்தில் ஒயின் அருந்தினோம்' என்று ரோம் பயணம் ஒன்று தமிழில் வந்தது. முதலாவது திராத்தோரியாவாகவும் இரண்டாவது ஒஸ்தேரியாவாகவும் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஒன்று சமைத்துப் போடுகிறவரின் கடை. மற்றது அடிப்படையில் ஒயின் கடை. பழைய நாளில் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோய் அங்கே உட்கார்ந்து உண்டவர்கள் உண்டு. இத்தாலியன் ஒருவன் இந்த இரண்டு சொல்லில் எதைப் பலகையில் எழுதலாம் என்று யோசித்து எழுதியிருப்பான். தமிழில் வந்து சேர்ந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இன்னொரு கோளாறு. 'மரபு' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? மரபு அரிசி, மரபு விதை, மரபுக் காய்கறி. கேட்டவுடன் மண்பானையும் கருப்பட்டியும் வரகரிசிப் பொங்கலும் கண்ணுக்கு வரும். உடம்புக்கு நல்லது என்ற வாசனை அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. புஷோனில் வருவதோ வெண்ணெய், பன்றிக் கொழுப்பு, குடல், பாலாடை. மரபுணவகம் என்று படித்துவிட்டு ஒரு சர்க்கரை நோயாளி நம்பிப் போனால் யார் பொறுப்பு?

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு, 'மரபு' என்று பலகை போட்டுக்கொள்வது லியோனிலேயே போலிகளின் வேலை என்பதுதான். பழைய லியோன் பகுதியில் சேன்-ஜான் தெருவில் நடந்தால் சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பும் 'மரபுவழி' என்ற அறிவிப்பும் வாசலுக்கு வாசல் வரவேற்கும். 1998-ல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, சுற்றுலாக் கூட்டம் இன்றும் குறையவில்லை. யார் அசல், யார் நகல் என்று பிரித்துச் சொல்ல 1997-லேயே புஷோன் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். 2012-ல் உள்ளூர் வணிகர் சபை தனியாக ஒரு தரச்சான்று கொண்டுவந்தது. சங்கத்தின் முத்திரையில் இருப்பவர் ஞாஃப்ரோன்: லியோன் பொம்மலாட்டத்தில் வரும் செருப்புத் தைக்கிற குடிகாரர், சிவந்த மூக்கு, கையில் ஒயின் கோப்பை. (ஞகரத்தில் தொடங்கும் பிரெஞ்சுப் பெயர் கிடைப்பது அபூர்வம். நம்மிடம் அதற்கு எழுத்து தயாராக இருக்க, இதையும் 'க்னாஃப்ரான்' என்று எழுதுகிறார்கள்.) அசலுக்கு அடையாளம் அந்தக் குடிகாரர், போலிக்கு அடையாளம் 'மரபு' என்ற சொல். நாம் மெனக்கெட்டு இரண்டாவதை எடுத்து அசலுக்குச் சூட்டுகிறோம்.

கடைக்குள் போய்ப் பார்க்காமல் பெயர் வைப்பதால் வரும் வினை இது. இடம் சின்னது. மேசைகள் நெருக்கமாக இருக்கும், பக்கத்து ஆளின் முழங்கை நம் தட்டில் படும். முதலில் பெரிய கிண்ணங்கள் வரும்: பயறு, ஆட்டுக்கால், ஹெரிங் மீனும் உருளைக்கிழங்கும், மாட்டு மூக்கைச் சீவி வினிகரில் ஊறவைத்தது. கிண்ணத்தை மேசையிலேயே வைத்துவிடுவார்கள், வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒயின் வருவது அடிப்பக்கம் தடித்த கண்ணாடிக் குப்பியில். அளவு 46 சென்டிலிட்டர், பெயர் 'போ'. எழுத்தில் கடைசியில் ஒரு டகரம் உண்டு, உச்சரிப்பில் இல்லை. அதனால்தான் தமிழில் 'ஒரு பானை ஒயின்' என்று வந்துவிடுகிறது. பானை நிறைய ஒயினா? அரை லிட்டர்கூட இல்லை.

இந்தச் சாப்பாட்டின் வேர் பட்டு நெசவாளர்களிடம் இருக்கிறது. க்ருவா-ரூஸ் மேட்டில் தறி ஓட்டிய அவர்களுக்குக் 'கனு' என்று பெயர். 1831-லும் 1834-லும் கூலிக்காக எழுந்து நகரையே உலுக்கியவர்கள். விடியுமுன் தறியில் உட்கார்ந்தவர்கள் காலை ஒன்பது மணிவாக்கில் இறங்கி வந்து குடலும் தொத்திறைச்சியும் ஒயினுமாகச் சாப்பிட்டார்கள். அதற்கு 'மாஷோன்', மெல்லுவது என்ற வினையிலிருந்து வந்த பெயர். இதற்கும் 'பிரெஞ்சுக் காலைச் சிற்றுண்டி' என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. பன்றித் தொத்திறைச்சியும் போஷொலே ஒயினும் சிற்றுண்டி என்றால் பேருண்டி எது?

சரி, தமிழில் என்ன சொல்வது?

சத்திரம் ஆகாது. சத்திரத்தில் காசு வாங்கும் வழக்கமில்லை. விடுதி என்றால் படுக்க இடம் இருக்க வேண்டும். மதுக்கூடம் என்றால் சாப்பாடு பின்னுக்குப் போய்விடும், அதோடு அரசாங்க வாடையும் சேர்ந்து வரும். உணர்வளவில் மிக அருகில் வருவது, சொன்னால் தூய்மையர்கள் சண்டைக்கு வருவார்கள், நம்முடைய 'மெஸ்'. குடும்பம் நடத்துகிற சின்னக் கடை, நாலைந்து வகை, கல்லாவில் இருப்பவரே பரிமாறவும் வருவார், தலைக்கறியும் குடலும் ஈரலும் தயக்கமில்லாமல் பலகையில் எழுதியிருக்கும். அந்த ஆங்கிலச் சொல்லும் பழைய பிரெஞ்சில் பரிமாறப்படும் உணவைக் குறித்த 'மெ' என்பதிலிருந்து வந்ததுதான். நமக்கு வந்து சேர்ந்தபிறகு பட்டாளத்தையும் கல்லூரி விடுதியையும் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் மெஸ்ஸில் ஒயின் கிடையாது. ஒயின் இல்லாத புஷோனும் கிடையாது. பாதி கிணறு தாண்டுகிற சொல்.

பெண்கள் நடத்திய கடைகளுக்கு மட்டும் நம்மிடம் கச்சிதமான வழக்கு இருக்கிறது. செல்வந்தர் வீடுகளில் சமைத்துப் பழகிய பெண்கள் வெளியே வந்து தனியாகக் கடை போட்டார்கள். ஊர் அவர்களை 'மேர்', அம்மா, என்று அழைத்தது. எஜெனி பிராசியே 1921-ல் ருவாயால் தெருவில் தொடங்கிய கடை 'பிராசியே அம்மா' என்றே இன்றும் இருக்கிறது. 1933-ல் தம் இரண்டு கடைகளுக்கும் உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷலான் கையேட்டின் மும்மூன்று நட்சத்திரம் வாங்கியவர் அவர். ஆறு நட்சத்திரம் அதற்குமுன் யாரும் வாங்கியதில்லை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போல் பொக்கூஸ் அவரிடம் வேலை பழகியவர். பிராசியேயின் கடை புஷோன் அல்ல, ஆனால் அதே நகரத்துச் சமையல். இதை 'அன்னையர் உணவகங்கள்' என்று எழுதுகிறார்கள். அக்கா கடை, ஆயா கடை என்று வாயில் வைத்துக்கொண்டே கையில் அன்னையர் என்று எழுதுவது எந்த வகைத் தமிழ்ப்பற்று என்று தெரியவில்லை.

கண்டிப்பாகத் தமிழ்ப் பெயர் வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை 'கொடிக்கடை'. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசையாகச் சொல்லும்போது 'நறவு நொடைக் கொடி' வருகிறது. நறவு கள், நொடை விற்பனை. அதற்குச் சற்று முன்னாலேயே மீனையும் இறைச்சியையும் அறுத்து 'ஊன் பொரிக்கும் ஒலி முன்றில்'. வாசலில் பொரிக்கிற சத்தம், மேலே கள் விற்பதாகச் சொல்லும் கொடி. லியோனின் தழைக்கொத்து செய்த வேலையும் இதுவே. அதோடு கொடி என்றால் திராட்சைக் கொடியும் ஆகும், ஒரு சொல்லில் இரண்டு காரியம். குறை இல்லாமலில்லை: தேர்தல் நேரத்தில் கொடிக்கடை என்றால் கட்சிக்கொடி விற்கும் கடைக்கு வழி காட்டுவார்கள். ஆகவே அகராதியில் கொடிக்கடை இருக்கட்டும். கட்டுரையில் 'புஷோன்' என்றே எழுதி, முதல் தடவை மட்டும் 'லியோன் சாப்பாட்டுக்கடை' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். இட்லியை யாரும் பிரெஞ்சில் 'ஆவியில் வெந்த வட்டம்' என்று எழுதச் சொல்லி நாம் கேட்கவில்லை.

கடைப் பெயரே இப்படியென்றால் உள்ளே இருக்கும் பண்டங்களின் கதி இன்னும் மோசம். 'செர்வெல் த கனு' என்பது சொல்லுக்குச் சொல் 'நெசவாளர் மூளை'. ஒரு காணொளி இதை மூளை வறுவல் ஆக்கியிருந்தது, திரையில் வெள்ளையாக ஏதோ கிண்ணத்தில் இருக்க. அது உறை ஊற்றித் தண்ணீர் வடித்த புதுப் பாலாடைக்கட்டியில் பூண்டு, சின்ன வெங்காயம், வெங்காயத்தாள் போன்ற கீரை, எண்ணெய், வினிகர் போட்டுக் கலக்கியது. 'தப்லியே த சப்பர்' என்பதைத் 'தீயணைப்பு வீரரின் மேலங்கி' என்று எழுதுகிறார்கள். சப்பர் இங்கே தீயணைப்புக்காரர் அல்லர். பதுங்குகுழியும் பாலமும் அமைக்கிற படைவீரர், உடம்பின் முன்பக்கம் தோலாடை கட்டியவர். மாட்டு இரைப்பையை வெள்ளை ஒயினில் ஊறவைத்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் அந்தத் தோல்போல் அகலமாக வரும். கெனெல் என்பதை 'மீன் கொழுக்கட்டை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரைக் கைகுலுக்கிப் பாராட்ட வேண்டும். நன்னீர் மீனை அரைத்து மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து நீளவாக்கில் பிடித்து வேகவைத்ததற்குப் பிடிகொழுக்கட்டையைவிட நல்ல உறவு தமிழில் கிடையாது.

எழுத்தைப் பற்றி ஒன்று. ஷகரம் ஒவ்வாதவர்கள் புசோன் என்று எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை ஆங்கிலம்போல் படித்து 'பௌச்சன்' என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டுப் போனால் லியோனில் ஒருவரும் வழி சொல்லமாட்டார்கள்.