நீல் யங்கின் காதுக்கு ‘வெல்ட்’ செய்தது

குரலையும் கருவி ஒலிகளையும் மிக்ஸர் என்னும் கருவியில் அளவாகச் சேர்க்கும் ஒலிக்கலவையாளர்கள் காது பரிசோதனைக்கு வருவதுண்டு. அவர்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “மேடையில் டிரம்ஸ் பக்கத்தில் நிற்பவனுக்கல்லவா காது போகும்? நான் தள்ளி உட்கார்ந்து மிக்ஸரைப் பார்க்கிறவன்.” அவர்களுக்கு நான் ஓர் இசைத்தொகுப்பின் கதையைச் சொல்வேன்.

1991-ஆம் ஆண்டின் தொடக்கம். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங், தன் நெடுங்காலக் கூட்டாளிகளான கிரேஸி ஹார்ஸ் குழுவுடன் அமெரிக்க நகரங்களில் கச்சேரி செய்து வந்தார். பாப் டிலனின் ‘புளோயிங் இன் தி விண்ட்’ பாட்டைச் சைரன் ஒலிக்கும், குண்டு வெடிக்கும் ஓசைக்கும் நடுவே பாடினார். அந்தக் கச்சேரிப் பதிவுகளே அதே ஆண்டில் ‘வெல்ட்’ என்ற பெயரில் இரண்டு தட்டுகளாக வெளிவந்தன. கூடவே ‘ஆர்க்’ என்று ஒரு தட்டு. ஏறத்தாழ 35 நிமிடம், பெரும்பாலும் கிடாரின் பின்னூட்ட ஒலி மட்டும், அதாவது ஸ்பீக்கரின் ஒலியைக் கிடாரே மறுபடி வாங்கி எழுப்பும் ஊளை. எனக்கு மிகவும் பிடித்த பதிவு ‘வெல்ட்’. ‘லைக் எ ஹரிக்கேன்’ அதில் எழும்பி வரும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கும். ஆனால் அதை ஒலியைக் குறைத்து வைத்துத்தான் கேட்பேன்.

காரணம், அந்தப் பதிவு அவர் காதைக் கெடுத்தது. மேடையோடு அது முடியவில்லை. ‘வெல்ட்’ ஒலிக்கலவைக்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உரத்த ஒலி எதையும் தாங்க முடியாமல் இருந்ததாகவும், காது இரைச்சல் தங்கிவிட்டதாகவும் அவரே பின்னர் பேட்டியில் சொன்னார்.

கலவை அறையில் நடப்பதை விளக்கினால் இது எப்படி என்று புரியும். ஒரே பாட்டின் ஒரே பகுதியை இருபது முறை, முப்பது முறை ஓட்டிக் கேட்கிறோம். கச்சேரிப் பதிவு என்றால் மேடையின் அதிர்வு நெஞ்சில் தட்ட வேண்டும் என்று ஒலியை ஏற்றுகிறோம். ஒரு மணி நேரத்தில் காது களைத்துப்போய் மந்தமாகிவிடுகிறது. மந்தமான காதுக்கு உச்சச் சுருதி ஒலிகள் குறைவாகத் தெரிகின்றன. எனவே இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறோம். இந்தச் சுழலில் வலி என்ற எச்சரிக்கை வருவதே இல்லை. வலி வருவதற்கு வெகு முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது.

வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்; 100 என்றால் பதினைந்தே நிமிடம். உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 16,000 மட்டுமே. போன செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். திருமண வரவேற்பு இசைக்குழுக்களுக்கு ஒலி அமைப்பவர். “இரவில் படுத்தால் இடது காதில் வண்டு ரீங்காரம் போடுகிறது, மேடம். மகள் காசு கேட்டால் எனக்குக் காது என்று விழுகிறது,” என்றார். ஒலி புகாத அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்தேன். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில் வலது காதின் கோடு ஏறக்குறைய நேராக ஓடியது. இடது காதின் கோடு 4,000 ஹெர்ட்ஸ் என்ற உச்சச் சுருதியில் பள்ளமாக இறங்கி, அதற்கு மேல் சற்று ஏறியது. இரைச்சலால் கெட்ட காதின் கையொப்பம் அந்தப் பள்ளம். “ஹெட்போனை எந்தக் காதில் வைப்பீர்கள், தம்பி?” என்று கேட்டேன். தயங்கிவிட்டு, இடது கையால் ஹெட்போனை இடது காதில் அழுத்திப் பிடிப்பது போலக் காட்டினார். வலது கை எப்போதும் மிக்ஸரில் இருக்குமாம்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஆடியோகிராம் என்ற அந்த வரைபடத்தை எடுத்துவிடுங்கள். கூடவே, உட்செவி தானே எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். ஆடியோகிராம் நன்றாக இருக்கும்போதே சில சேதங்களை அது காட்டிவிடும். கலவையின் பெரும்பகுதியைப் பேச்சு அளவிலான ஒலியில் செய்து, உரக்கக் கேட்பதைச் சில நிமிடச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பஞ்சு அடைத்துக்கொள்வதில் பயன் மிகக் குறைவு. எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான்கள் இருக்கின்றன. திடீரென்று ஒரு காது அடைத்தது போல் ஆகிக் கேட்காமல் போனால் மட்டும் சளி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே, முடியாவிட்டால் மறுநாள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். நாள் தள்ளிப்போகப் போகச் சிகிச்சையின் பலன் குறையும்.

‘வெல்ட்’டுக்கு மறு ஆண்டு நீல் யங் ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற தொகுப்பைத் தந்தார். மின் கிடாரின் உறுமல் இல்லாத மென்மையான பாட்டுகள். உரத்த ஒலி எதையும் கேட்க விரும்பாததால்தான் அதைச் செய்ததாக அவர் சொல்லியிருக்கிறார். தலைப்புப் பாடலில் தாளத்துக்குப் பக்கபலமாக ஒரு துடைப்பம் தரையைப் பெருக்கும் ஓசை மெல்ல வந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தம்பிக்கு அந்தப் பாட்டைக் குறைந்த ஒலியில், ஒவ்வொரு காதாகப் போட்டுக் காட்டினேன். வலது காதில் கேட்டதும், “பெருக்குவது போல ஒரு சத்தம் வருகிறதே,” என்றார். இடது காதுக்கு மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு, “கிடார் இருக்கிறது, மேடம். குரல் இருக்கிறது,” என்றார்.