முள் இறங்கினால் மட்டும் போதாது

இந்தியாவில் ஹாம் வானொலியாளர்கள் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) அதிகம் புழங்கும் 2 மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. இதற்கு ஆன்டெனா செய்ய, நடுவில் 145 என்று வைத்து, 300ஐ (ஒளியின் வேகம், நொடிக்கு மில்லியன் மீட்டரில்) அதனால் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர். ஆன்டெனாவின் செங்குத்துக் கம்பிக்கு அதில் கால் பங்கு, சுமார் 52 செ.மீ. நடைமுறையில் கம்பி இன்னும் சற்றுக் குறைந்து, 49 செ.மீ. அருகில்தான் ஒத்ததிரும், அதாவது அந்த அதிர்வெண்ணுக்கு இசையும். ஆனாலும் நான் 51 செ.மீ. வைத்துத்தான் வெட்டுவேன். நீளமாக இருந்தால் நறுக்கலாம். குட்டையாகிப் போன கம்பியை என்ன செய்வது?

கொடிக்கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி மறுமுனையை உதறிப் பாருங்கள். அலை ஓடிப்போய், கட்டிய இடத்தில் மோதித் திரும்பி வரும். வானொலிக் கருவியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளிலும் இதுவேதான். கருவியும் கேபிளும் 50 ஓம் மின்மறுப்புக்கென (மாறுமின்னோட்டத்துக்கான தடை) வடிவமைக்கப்பட்டவை. ஆன்டெனாவும் அதே 50 ஓம் காட்டினால் ஆற்றல் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு பங்கு திரும்பிவிடும். இதை முள்ளால் காட்டுவதே எஸ்.டபிள்யூ.ஆர். (நிலை அலை விகிதம்) மீட்டர். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, 2 என்றால் 11, 3 என்றால் 25.

செங்குத்துக் கம்பியின் அடியில் விரியும் நான்கு கம்பிகள் படுக்கையாக இருந்தால் மின்மறுப்பு 36 ஓம் அளவில் நிற்கும். அவற்றைக் குடைக்கம்பி போல 45 பாகை கீழே வளைத்தால் ஏறக்குறைய 50 ஆகிவிடும். காசு செலவில்லாத இந்தத் திருத்தம் எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி நறுக்கும் வேலை. யாரும் பேசாத அதிர்வெண்ணா என்று கேட்டுவிட்டு, குறைந்த திறனில், 144, 145, 146 மூன்றிலும் அளக்க வேண்டும். 144இல் மீட்டர் எண் குறைவாகவும் 146இல் கூடுதலாகவும் இருந்தால் கம்பி நீளம் என்று பொருள். 5 மி.மீ. நறுக்கினால் ஒத்ததிர்வு ஏறத்தாழ 1.5 மெகாஹெர்ட்ஸ் மேலேறும். ஒவ்வொரு முறையும் விலகி நின்றே அளக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் உடம்பே முள்ளை நகர்த்திவிடும்.

முள் சொல்லாத ஒன்றும் உண்டு. எங்கள் மொட்டை மாடி ஆன்டெனா 1.2 காட்டியது. ஆனால் நான் பேசுவது பக்கத்து ஊருக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. சந்தேகத்தில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டு அளந்தேன். வாங்கிக்கொள்ள எதுவுமில்லாமல் எல்லாம் திரும்பி மீட்டர் எகிறியிருக்க வேண்டும், 1.9இல் நின்றது! கேபிளின் மேல் முனையில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் மின்தடை) மாட்டித் திறனை அளந்தபோது, கீழே கொடுத்த 5 வாட்டில் மேலே வந்து சேர்ந்தது 1.5 வாட்தான்.

இணைப்பியை அறுத்துப் பார்த்தால், மழைநீர் இறங்கி உள்ளே செம்புப் பின்னல் பச்சை பூத்துக் கிடந்தது. போகும் அலையில் பெரும்பங்கைக் கேபிள் விழுங்கியது; திரும்பி வந்ததிலும் அதே விகிதத்தை விழுங்கியது. திரும்பி வர அதிகம் மீதமில்லாததால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியிருக்கிறது. அதனால்தான், முடிந்தவரை ஆன்டெனாவின் அடியிலேயே அளக்க வேண்டும் என்கிறேன்.

புதுக் கேபிள் போட்டதும் எண் 1.8க்கு ஏறியது. அதுதான் ஆன்டெனாவின் உண்மை நிலை. இரண்டு தடவையாக 12 மி.மீ. நறுக்கி, இணைப்பியை நீர்புகா நாடாவால் சுற்றினேன். மறுபடியும் 1.2. இம்முறை பக்கத்து ஊரிலிருந்து உடனே பதில் வந்தது.